சப்ளையில் தானாக ஓடும் வோல்டேஜ் டெஸ்ட்: ஏறும்போது சரி, இறங்கும்போது ரீடிங் தப்பு

பெஞ்ச்4_அம்பத்தூர் (கேள்வி)

வணக்கம். 12 வோல்ட் வண்டியில் உட்காரும் ஒரு கன்ட்ரோலர் போர்டுக்கு, பெஞ்ச் பவர் சப்ளையை பைத்தானில் ஓட்டி வோல்டேஜ் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். விவரம் எல்லாம் கீழே தந்துவிடுகிறேன், மறுபடி கேட்க வேண்டியிருக்காது.

சப்ளை: 30 வோல்ட், 5 ஆம்பியர், ஸ்விட்சிங் வகை, ஒரே சேனல். யூ.எஸ்.பி., லேன் இரண்டும் உண்டு. பின்பக்கம் சென்ஸ் டெர்மினல் (லோடு முனையில் வோல்டேஜைப் பார்த்து, ஒயரில் விழுவதை ஈடுகட்ட) இருக்கிறது, பயன்படுத்தவில்லை. கரண்ட் லிமிட் 0.3 ஆம்பியர்.

லீடு: 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒன்றரை மீட்டர், முனையில் க்ரோக்கடைல் கிளிப்.

போர்டு: இன்புட்டில் 2200 மைக்ரோஃபாரட். ரிவர்ஸ் பாதுகாப்புக்கு டயோடு இல்லை, பி-சேனல் மாஸ்ஃபெட். 12 வோல்டில் 180 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஏறும்போது 8.8 வோல்டில் ஆன் ஆகும், இறங்கும்போது 8.0 வோல்டில் ஆஃப் ஆகும்.

சீக்வென்ஸ்: 6 வோல்டில் தொடங்கி அரை அரை வோல்டாக 16 வரை, பிறகு அதே வழியில் இறக்கம். ஒவ்வொரு படியிலும் 500 மில்லி விநாடி நின்று, வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் படிக்கும்.

சிக்கல்கள்:

ஒன்று. இறங்கும்போது 8.0 வரை ரீடிங் சரி. அதற்குக் கீழே 7.5 வைத்தால் 7.73, 7.0 வைத்தால் 7.46, 6.5க்கு 7.18, 6.0க்கு 6.91. ஏறும்போது இந்தப் புள்ளிகள் எல்லாம் சுத்தமாக வருகின்றன.

இரண்டு. ஏறும்போது 9.0 படியில் சில நேரம் போர்டின் பச்சை எல்.இ.டி. படபடவென்று அடிக்கிறது. கரண்ட் 0.02, 0.30 என்று மாறி மாறி வருகிறது. காலையில் முதல் ஓட்டத்தில்தான் அதிகம். உடனே மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் வராது.

மூன்று. நாற்பது ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை டைம்-அவுட். அதை ‘எக்ஸெப்ட்’ போட்டுத் தாண்டிவிட்டால், அதன்பிறகு லாகில் வோல்டேஜ் காலத்தில் (நெடுவரிசையில்) 0.18 என்றும் கரண்ட் காலத்தில் 12.00 என்றும் விழுகிறது.

இது சரியானதும் வண்டி எலக்ட்ரானிக்ஸுக்கான ஸ்டாண்டர்டான ஐ.எஸ்.ஓ. 16750 இரண்டாம் பாகத்தில் வரும் ரீசெட் டெஸ்ட்டையும், வண்டி ஸ்டார்ட் ஆகும்போது வரும் கிராங்கிங் டிப்பையும் இதே சப்ளையில் போட வேண்டும். முடியுமா?


ரிச்சி_ஓம்ஸ்

முதல் சிக்கலுக்கு விடை நீங்கள் கொடுத்த நம்பரிலேயே இருக்கிறது. 7.73, 7.46, 7.18, 6.91 என்று படிக்கு 0.27 வோல்ட் இறங்குகிறது. நீங்கள் நிற்பது அரை விநாடி. ஆக விநாடிக்கு 0.54 வோல்ட். இது சப்ளை இறக்கும் வேகம் இல்லை, கெபாசிட்டர் தானாக வடியும் வேகம்.

சாதாரண பெஞ்ச் சப்ளை கரண்டைக் கொடுக்கத்தான் செய்யும், திரும்ப வாங்காது. 7.5 வோல்ட் வை என்று சொன்னதும் அது கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். கெபாசிட்டரில் ஏற்கெனவே நிற்கிற சார்ஜை யாராவது இழுத்துத் தீர்த்தால்தான் வோல்டேஜ் விழும். 8.0க்கு மேலே உங்கள் போர்டே 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்துத் தீர்த்துவிடுகிறது, அதனால் அங்கே ஒன்றும் தெரிவதில்லை. 8.0ல் போர்டு தூங்கிவிட்டது. இழுக்க ஆளில்லை.

கணக்கு: 2200 மைக்ரோஃபாரட், விநாடிக்கு 0.54 வோல்ட் என்றால் 1.2 மில்லி ஆம்பியர். சப்ளையின் அவுட்புட் கெபாசிட்டர் ஒரு ஆயிரம் மைக்ரோஃபாரட் இருக்கும் என்று வைத்தால் மொத்தம் 3200, கரண்ட் 1.7 மில்லி ஆம்பியர். சப்ளைக்குள் இருக்கும் சின்ன ப்ரீ-லோடும் போர்டின் தூக்கக் கரண்டும் சேர்ந்து இவ்வளவுதான்.

பி-சேனல் மாஸ்ஃபெட் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. அது ஆன் ஆகியிருக்கும்போது இரண்டு பக்கமும் கரண்ட் போகும், அதனால் போர்டின் கெபாசிட்டர் டெர்மினலில் அப்படியே தெரிகிறது. அங்கே டயோடு இருந்திருந்தால் சப்ளை ரீடிங் சமர்த்தாக இறங்கியிருக்கும், போர்டுக்குள் மட்டும் பழைய வோல்டேஜ் நின்றிருக்கும். அது இதைவிட மோசம், லாகில் பிடிக்கவே முடியாது.

அரை வோல்ட் படிக்கட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். இறங்கும் பக்கம் ஹோல்டை 2 விநாடி ஆக்குங்கள். ஒரு விநாடிக்குள் வடிந்துவிடும், மிச்சம் ஒரு விநாடி ரீடிங் நிலைக்க.

ரீசெட் டெஸ்ட்டுக்கு இது உதவாது. அங்கே 9 வோல்டிலிருந்து ஒரே தாவாக 0.45 வோல்டுக்கும் கடைசியில் 0க்கும் போக வேண்டும், அதில் 5 விநாடி நிற்க வேண்டும். உங்கள் சப்ளையில் 8லிருந்து 0க்கு வடியவே 15 விநாடிக்கு மேல் ஆகும். டெஸ்ட் ‘பாஸ்’ என்று வரும், போர்டு 5 வோல்டுக்குக் கீழே போயே இருக்காது.

அதற்கு ஒரு பிளீடர் வேண்டும், அதாவது கெபாசிட்டர் சார்ஜை வடிக்கும் ரெசிஸ்டர். 22 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று, லாஜிக்-லெவல் என்-சேனல் மாஸ்ஃபெட் ஒன்று, ஐ.ஆர்.எல்.இசட். 44 என் போதும். இரண்டும் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கடைக்காரர் ஐ.ஆர்.எஃப். 540 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது லாஜிக்-லெவல் இல்லை. 5 வோல்ட் கேட்டில் முழுசாகத் திறக்கும் என்று டேட்டாஷீட் உத்தரவாதம் தருவதில்லை. பிளீடரை ஆன், ஆஃப் செய்ய வைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட் என்றால் 44 என்னுக்கே நடுவில் ஒரு டிரைவர் தேவை.

22 ஓமுக்கும் 3200 மைக்ரோஃபாரடுக்கும் டைம் கான்ஸ்டன்ட் 70 மில்லி விநாடி. 9 வோல்டிலிருந்து 0.3க்கு வர சுமார் 240 மில்லி விநாடி. கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் கட்டாயம் போடுங்கள், கன்ட்ரோலர் ரீபூட் ஆகும் நேரத்தில் கேட் மிதக்கக்கூடாது. 16 வோல்டில் பிளீடர் ஆன் ஆகி அப்படியே நின்றுவிட்டால் 11.6 வாட், 10 வாட் ரெசிஸ்டரின் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே 500 மில்லி விநாடிக்கு மேல் ஆனில் இருக்கக்கூடாது என்பதை கன்ட்ரோலர் ஃபர்ம்வேரிலேயே எழுதுங்கள். பைத்தானை நம்பி விடாதீர்கள்.


தரமணி_பஸ்

மூணாவது சிக்கல் என் ஏரியா. கமாண்ட் பேரை எல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதுறேன், ஸ்பெல்லிங் உங்க மேனுவல்ல பாத்துக்கோங்க.

வோல்டேஜ் காலத்துல கரண்ட் வருதுன்னா சப்ளை தப்பு பண்ணலை. பதில் ஒரு படி தள்ளிப்போச்சு. நடந்தது இதுதான்: ‘மெஷர் வோல்ட்’ கேட்டீங்க, சப்ளை அந்த நேரத்துல பிஸி, பதில் 2 விநாடிக்குள்ள வரலை. பைவிசாவோட (பைத்தான்ல கருவிகளோட பேசற லைப்ரரி) டீஃபால்ட் டைம்-அவுட் 2000 மில்லி விநாடி. நீங்க எக்ஸெப்ட் போட்டுத் தாண்டிட்டீங்க. அந்தப் பதில் லேட்டா வந்து பஃபர்ல உக்காந்துடுச்சு. அடுத்து ‘மெஷர் கரண்ட்’ கேட்டா, கையில கிடைக்கிறது பழைய வோல்டேஜ். அதுக்கப்புறம் ஓட்டம் முடியற வரைக்கும் எல்லாமே ஒண்ணு ஒண்ணு தள்ளி.

டைம்-அவுட் வந்தா தாண்டாதீங்க. யூ.எஸ்.பி.ன்னா முதல்ல டிவைஸ் கிளியர் அனுப்புங்க, பைவிசால ‘கிளியர்’ ஃபங்ஷன். லேன்ல ரா சாக்கெட் மூலமா போறீங்கன்னா சாக்கெட்டை மூடி மறுபடி திறங்க. அப்புறம் ஐ.டி.என். (நீ யாருன்னு கேக்கற கமாண்ட்) கேளுங்க, மாடல் பேரு ஒழுங்கா வந்தா லைன் சுத்தம். அதுக்குப் பிறகு அதே படியை முதல்லேருந்து ஓட்டுங்க.

ராக்கெட்டா ஓடணும்னு ஒரே வரியில செமிகோலன் போட்டு ரெண்டு கேள்வியைச் சேத்துக் கேக்காதீங்க. ஸ்கிப்பி ஸ்டாண்டர்டு (கருவிகளுக்கான கமாண்ட் மொழி, எஸ்.சி.பி.ஐ.) அனுமதிக்குது, ஆனா விலை குறைஞ்ச சப்ளைல பல மாடல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு சும்மா இருந்துடும். ஒரு கேள்வி, ஒரு பதில், நடுவுல 50 மில்லி விநாடி இடைவெளி. வரி முடிவுக்கு நியூ-லைன் போகுதான்னும் பாருங்க. அது போகலைன்னா சப்ளை இன்னும் கமாண்ட் முடியலைன்னு காத்துக்கிட்டே இருக்கும்.

ஒவ்வொரு படிக்கும் அப்புறம் ‘சிஸ்டம் எர்ரர்’ கேட்டு லாக்ல எழுதுங்க. ஒரு தடவை இல்ல, 0 வர்ற வரைக்கும் கேக்கணும், அது ஒரு வரிசை. அடிக்கடி பாக்கப்போற நம்பர்: மைனஸ் 113 வந்தா கமாண்ட் ஸ்பெல்லிங் தப்பு. மைனஸ் 222 வந்தா மதிப்பு எல்லைக்கு வெளியே. மைனஸ் 410 வந்தா முந்தின பதிலைப் படிக்காமலே அடுத்த கமாண்ட் அனுப்பிட்டீங்க. மைனஸ் 420 வந்தா கேள்வியே கேக்காம பதில் படிக்கப் பாத்தீங்க. உங்க கேஸ்ல 410 நிச்சயம் இருக்கும்.

ஓ.பி.சி. கேள்விக்கு (வேலை முடிஞ்சுதான்னு கேக்கறது) ‘1’ வந்துடுச்சு, வோல்டேஜ் செட் ஆயிடுச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். பல சப்ளைல அந்த 1க்கு அர்த்தம் ‘கமாண்டைப் படிச்சுட்டேன்’, அவ்வளவுதான். கமாண்ட் போனது வேற, வோல்டேஜ் வந்தது வேற. வந்துச்சான்னு தெரியணும்னா அளந்துதான் பாக்கணும்.

விண்டோஸ்னா யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை ஆஃப் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் ஒரே வோல்டேஜ்ல நிக்கிற டெஸ்ட்ல அதுதான் போர்ட்டைத் தூங்க வைக்கும். முடிஞ்சா லேனுக்கு மாறிடுங்க. ரா சாக்கெட் போர்ட் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: கீசைட், சிக்லெண்ட் 5025, ரைகால் 5555.


ஓரகடம்_டெஸ்ட்லேப்

இரண்டாவது சிக்கலை யாரும் தொடவில்லை. அது போர்டு கோளாறு இல்லை. உங்கள் கரண்ட் லிமிட்தான் கோளாறு.

உள்ளே இருப்பது டி.சி.-டி.சி. கன்வர்ட்டர் என்றால் அது ஏறக்குறைய ஒரே வாட்டைத்தான் இழுக்கும். 12 வோல்டில் 180 மில்லி ஆம்பியர் என்றால் 2.16 வாட். அதே வாட் 9 வோல்டில் 240 மில்லி ஆம்பியர். உங்கள் லிமிட் 300. ஓடுகிற போர்டுக்கே இடம் 60 மில்லி ஆம்பியர்தான். ஸ்டார்ட் ஆகிற போர்டு இதைவிட அதிகம் கேட்கும், கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் கெபாசிட்டர் எல்லாம் காலியாக இருப்பதால்.

1 ஆம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். சப்ளை 0.3 தருகிறது, மீதி 0.7 இன்புட் கெபாசிட்டரிலிருந்து போகிறது. 2200 மைக்ரோஃபாரடில் அது 9லிருந்து 8க்கு விழ 3 மில்லி விநாடிதான். 8ல் போர்டு ஆஃப். லோடு போனதும் சப்ளை மறுபடி 8.8க்கு ஏற்றுகிறது, போர்டு ஆன், மறுபடி விழுகிறது. பச்சை எல்.இ.டி. படபடப்பது இதுதான். அந்த நேரத்தில் சப்ளை முகப்பைப் பாருங்கள், சி.வி. (வைத்த வோல்டேஜில் ஓடுகிறது) விளக்கும் சி.சி. (கரண்ட் லிமிட்டில் ஓடுகிறது) விளக்கும் மாறி மாறி மினுக்கும். உடனே மறு ஓட்டத்தில் வராததற்குக் காரணம், பின்னால் உள்ள கெபாசிட்டரில் பாதி சார்ஜ் இன்னும் மிச்சம் இருப்பது.

லிமிட்டை 1.5 ஆம்பியர் ஆக்குங்கள். பாதுகாப்புக்கு கரண்ட் லிமிட்டை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் இந்த மாதிரி டெஸ்ட்டில் ஆகாது. பாதுகாப்பை ஓ.வி.பி.யில் (வோல்டேஜ் மிஞ்சினால் அணைக்கும் வசதி) வையுங்கள், 18 வோல்ட். ஓ.சி.பி.க்கு (கரண்ட் மிஞ்சினால் அணைப்பது) டிலே வைக்கும் வசதி இருந்தால் 0.6 ஆம்பியர், 100 மில்லி விநாடி. வரிசை முக்கியம்: முதலில் ஓ.வி.பி., பிறகு கரண்ட், பிறகு வோல்டேஜ், கடைசியில் அவுட்புட் ஆன். ஒவ்வொரு ரீடிங்கோடும் சி.சி., சி.வி. நிலையையும் கேட்டு லாகில் எழுதுங்கள். சி.சி. என்று வந்த வரியில் இருக்கும் வோல்டேஜ் நீங்கள் வைத்தது இல்லை, அந்த வரி செல்லாது.

அடுத்து ஒயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு 0.034 ஓம். போக ஒன்றரை, வர ஒன்றரை, 3 மீட்டருக்கு 0.1 ஓம். கிளிப்பும் பனானா பிளக்கும் சேர்த்து 0.15 என்று வைக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போது 1 ஆம்பியர் என்றால் 0.15 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், போர்டுக்குக் கிடைப்பது 8.85. உங்கள் ஆன் எல்லை 8.8. ஐம்பது மில்லி வோல்டில் தொங்குகிறது. பின்பக்கம் சென்ஸ் டெர்மினலை வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விட்டது ஏன் என்று புரியவில்லை.

சென்ஸ் ஒயர் இரண்டையும் முறுக்கி, போர்டின் இன்புட் பின்னில் சோல்டர் பண்ணுங்கள். கிளிப் வேண்டாம். சென்ஸ் ஒயர் கழன்றால் வோல்டேஜ் போதவில்லை என்று நினைத்து சப்ளை ஏற்றிக்கொண்டே போகும் மாடல்கள் உண்டு. ஓ.வி.பி. 18ல் இருப்பது அப்போதுதான் காப்பாற்றும். பெரும்பாலான மாடலில் பின்பக்கம் சென்ஸை அவுட்புட்டோடு சேர்க்கும் சின்ன ஷார்ட்டிங் தகடு இருக்கும், அதைக் கழற்ற மறந்தால் நான்கு ஒயர் போட்டும் பலன் இல்லை.


பெஞ்ச்4_அம்பத்தூர்

நன்றி சார், மூவருக்கும். ஹோல்டு 2 விநாடி, லிமிட் 1.5, நான்கு ஒயர் மாற்றிய பிறகு படிக்கட்டு இரண்டு பக்கமும் 20 மில்லி வோல்டுக்குள் ஒத்துப்போகிறது. எல்.இ.டி. படபடப்பு இல்லை. சிஸ்டம் எர்ரர் கேட்டதில் மைனஸ் 410 மூன்று இருந்தது.

பிளீடர் பற்றி ஒரு சந்தேகம். மாஸ்ஃபெட், கன்ட்ரோலர் எல்லாம் போடாமல் 150 ஓம் 5 வாட் ஒன்றை நிரந்தரமாகவே குறுக்கே கட்டிவிட்டால் போதாதா? அதன் கரண்டை ஓம் விதிப்படி கணக்கிட்டுக் கழித்துவிடலாமே.


ரிச்சி_ஓம்ஸ்

படிக்கட்டுக்குப் போதும். 6 வோல்டில் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும், அரை வோல்ட் இறங்க 40 மில்லி விநாடி. 16 வோல்டில் 1.7 வாட், 5 வாட் ரெசிஸ்டர் தாங்கும். ரீசெட் டெஸ்ட்டில் 9லிருந்து 0.3க்கு வர 1.6 விநாடி ஆகும், நிற்க வேண்டிய 5 விநாடியில் மூன்றில் ஒரு பங்கு வடிவதிலேயே போய்விடும்.

கழிப்பதில்தான் வில்லங்கம். 16 வோல்டில் பிளீடர் 107 மில்லி ஆம்பியர். சாதாரண சிமென்ட் ரெசிஸ்டர் 5 சதவீத டாலரன்ஸ், அதாவது 5 மில்லி ஆம்பியர் தெரியாத கணக்கு. போர்டு தூங்குகிறபோது இழுக்கும் 1 மில்லி ஆம்பியரை அதற்குள் தேட முடியாது.


ஓரகடம்_டெஸ்ட்லேப்

பிளீடரை விட்டாலும் சப்ளை ரீட்பேக்கில் 1 மில்லி ஆம்பியரைத் தேடக்கூடாது. பல பெஞ்ச் சப்ளைகளில் கரண்ட் ரீட்பேக்கின் ஆஃப்செட்டே சில மில்லி ஆம்பியர். டேட்டாஷீட்டில் ‘சதவீதம் கூட்டல் மில்லி ஆம்பியர்’ என்று போட்டிருக்கும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். தூக்கக் கரண்டுக்குத் தொடராக ஒரு மல்டிமீட்டர் வேண்டும், அதையும் ஸ்கிப்பியில் படியுங்கள். மீட்டருக்குப் பின்னால், போர்டு பக்கம் சென்ஸ் ஒயரை வைத்தால் மீட்டரில் விழும் வோல்டேஜை சப்ளையே ஈடுகட்டிவிடும்.

ரீசெட் டெஸ்ட்டுக்கு வருவோம். உங்கள் போர்டு 9 முதல் 16 வோல்ட் வகை, ஸ்டாண்டர்டில் கோட் சி. குறைந்தபட்ச வோல்டேஜ் 9, அதில் 5 சதவீதம் 0.45. முதலில் 8.55க்கு இறக்கி 5 விநாடி, 9க்கு ஏற்றி குறைந்தது 10 விநாடி நின்று ஃபங்ஷன் டெஸ்ட். அடுத்து 8.10, மறுபடி 9. அடுத்து 7.65. இப்படி 0 வரை 20 இறக்கம். நிற்கும் நேரம் மட்டும் 20 தடவை 15 விநாடி, மொத்தம் 5 நிமிடம்.

வோல்டேஜ்களை கோடுக்குள் எழுதாதீர்கள், ஒரு சி.எஸ்.வி. ஃபைலில் வையுங்கள். வோல்டேஜ், நிற்கும் விநாடி, பிளீடர், கரண்ட் கீழ் எல்லை, மேல் எல்லை என்று ஐந்து காலம். முதல் ஆறு வரி இப்படி இருக்கும்:

9.00, 10, இல்லை, 210, 270
8.55, 5, உண்டு, 220, 285
9.00, 10, இல்லை, 210, 270
8.10, 5, உண்டு, 230, 300
9.00, 10, இல்லை, 210, 270
7.65, 5, உண்டு, 0, 5

இந்தக் கடைசி வரியின் மேல் எல்லையான 5 மில்லி ஆம்பியரைத்தான் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் வரிசை: வோல்டேஜ் கமாண்ட் அனுப்பு. பிளீடரை ஆன் பண்ணு. 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜைப் படி. இலக்குக்கு 30 மில்லி வோல்டுக்குள் வந்ததும் பிளீடரை ஆஃப் பண்ணு. 0 வோல்ட் படிக்கு மட்டும் 0.3 வோல்டே போதும். 500 மில்லி விநாடியிலும் வரவில்லை என்றால் ஆஃப் பண்ணி, அந்தப் படி ஃபெயில். பிளீடர் ஆஃப் ஆன பிறகு 100 மில்லி விநாடி விட்டு, அப்போதுதான் 5 விநாடிக் கடிகாரத்தைத் தொடங்கு. கமாண்ட் அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணினால் போர்டு பார்த்தது 5 விநாடி இல்லை.

0 வோல்டுக்கு அவுட்புட் ஆஃப் கமாண்ட் அனுப்பாதீர்கள். பல சப்ளையில் ஆஃப் என்றால் ரிலே திறந்துகொள்ளும், போர்டு அந்தரத்தில் நிற்கும், கெபாசிட்டரில் இருக்கும் வோல்டேஜ் அப்படியே நிற்கும். வோல்டேஜை 0 என்று வைத்து பிளீடரால் இறக்குங்கள். மைக்ரோகன்ட்ரோலர் சப்ளை பின்னில் முக்கால் வோல்ட், ஒரு வோல்ட் மிச்சம் நிற்கும்போது மறுபடி ஏற்றினால் பவர்-ஆன் ரீசெட் ஒழுங்காக வராத ரகங்கள் உண்டு. அந்தக் கோளாறைப் பிடிக்கத்தானே டெஸ்ட்.

இதே ஸ்டாண்டர்டில் மெதுவாக இறக்கி ஏற்றும் டெஸ்ட்டும் உண்டு: நிமிடத்துக்கு 0.5 வோல்ட், படியாகப் போனால் 25 மில்லி வோல்டுக்கு மேல் கூடாது. உங்கள் சப்ளை ரெசல்யூஷன் 10 மில்லி வோல்ட் என்றால் 25ஐ வைக்காதீர்கள். ஒரு படி 20, ஒரு படி 30 என்று நொண்டும். 20 மில்லி வோல்ட் வைத்து 2.4 விநாடிக்கு ஒரு படி. 9லிருந்து 0க்கு 450 படி, 18 நிமிடம். இதற்குப் பிளீடர் வேண்டியதில்லை, வடியும் வேகமே தாராளம்.


தரமணி_பஸ்

450 படின்னா ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு படிக்கும் ‘ஸ்லீப் 2.4’ போட்டா, நடுவுல கேள்வி கேக்கற நேரம் எல்லாம் சேந்துக்கும். படிக்கு 120 மில்லி விநாடின்னு வெச்சாலும் 450க்கு 54 விநாடி தள்ளிப்போகும். தொடக்கத்துல மோனோடோனிக் கடிகாரத்தை ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க. படி எண்ணை 2.4ஆல பெருக்கி, அந்த நேரம் வர்ற வரைக்கும் தூங்கச் சொல்லுங்க. தவறு சேராது.

அப்புறம் பிளீடர் கன்ட்ரோலரோட யூ.எஸ்.பி. கிரவுண்டு. அது பி.சி. வழியா எர்த்துக்குப் போகுது. சப்ளையோட மைனஸ் அதுவரைக்கும் மிதந்துக்கிட்டிருந்தது, இப்போ எர்த் ஆயிடும். அது பரவால்ல, ஆனா மாஸ்ஃபெட் சோர்ஸை கன்ட்ரோலர் கிரவுண்டு பின் வழியா திருப்பி அனுப்பாதீங்க. 0.4 ஆம்பியர் பிளீடர் கரண்ட் பி.சி. யூ.எஸ்.பி. ஒயர்ல போயிடும். சோர்ஸ்லேருந்து சப்ளை மைனஸுக்குத் தனியா தடிமனான ஒயர். முடிஞ்சா கேட்டுக்கு நடுவுல ஒரு ஆப்டோகப்ளர்.

ஸ்கிரிப்ட் செத்தா என்ன ஆகும்? பி.சி. நின்னாலும் சப்ளை கடைசி வோல்டேஜ்லயே நிக்கும். ‘ஃபைனலி’ பிளாக்ல வோல்டேஜ் 0, அவுட்புட் ஆஃப் ரெண்டும் இருக்கணும். இதோட தலைகீழும் உண்டு, நம்ம ஊர்ல அதுதான் அடிக்கடி: பி.சி. யூ.பி.எஸ்.ல இருக்கும், சப்ளை இருக்காது. கரண்ட் போய் வந்தா சப்ளை ரீபூட் ஆகி அவுட்புட் ஆஃப்ல நிக்கும், ஸ்கிரிப்ட் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடிக்கிட்டிருக்கும். ஒவ்வொரு படியிலயும் அவுட்புட் ஆன்ல இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அங்கேயே நிறுத்துங்க.


பெஞ்ச்4_அம்பத்தூர்

புரிந்தது ப்ரோ. கடைசியாக கிராங்கிங். சப்ளையிலேயே லிஸ்ட் மோடு மாதிரி ஏதாவது இருந்தால் பைத்தான் வேகம் தடையில்லை அல்லவா?


ஓரகடம்_டெஸ்ட்லேப்

லிஸ்ட், டைமர் என்று இருப்பது எல்லாம் ஒன்று இல்லை. ரைகால் டி.பி. 832ல் டைமர் 2048 வரி கொள்ளும், ஆனால் ஒரு வரிக்குக் குறைந்தது 1 விநாடி. சிக்லெண்ட் எஸ்.பி.டி. 3303 எக்ஸில் சேனலுக்கு 5 வரிதான். ரீசெட் டெஸ்ட்டுக்கு முதலாவது உதவும், கிராங்கிங்குக்கு இரண்டும் உதவாது.

கிராங்கிங் புரொஃபைலில் முதல் இறக்கம் 5 மில்லி விநாடியில் நடக்க வேண்டும், அடியில் 15 மில்லி விநாடி நின்று அடுத்த மட்டத்துக்கு ஏற வேண்டும். 12லிருந்து 6க்கு 5 மில்லி விநாடியில் இறக்க, உங்கள் 2200 மைக்ரோஃபாரடிலிருந்து மட்டும் 2.6 ஆம்பியர் வெளியே இழுக்க வேண்டும். உங்கள் போர்டு இழுப்பது 0.2, 0.3. சப்ளை இழுப்பது பூஜ்யம். 22 ஓம் பிளீடர் போட்டாலும் அரை ஆம்பியர்தான். லிஸ்ட் மோடு எவ்வளவு வேகமாக இருந்தாலும் கரண்டைத் திரும்ப வாங்காத சப்ளையில் இது நடக்காது. கொடுக்கவும் வாங்கவும் செய்கிற பைபோலார் பவர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ரிப்போர்ட் வாடிக்கையாளருக்குப் போவதானால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் போட்டுவிடுங்கள்.

அதற்குமுன் பெஞ்சில் ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். இரண்டு சப்ளை எடுங்கள். முதலாவது 12.5 வோல்ட், ஹை-சைடு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் வழியாக. அந்த ஸ்விட்சில் மாஸ்ஃபெட்டைத் திசை மாறாமல் போடுங்கள், மாறினால் பாடி டயோடு வழியாகக் கரண்ட் போகும். இரண்டாவது 6.4 வோல்ட், ஷாட்கி டயோடு வழியாக, டயோடில் 0.4 போனால் 6 கிடைக்கும். ஸ்விட்சைத் திறந்த அதே நொடியில் பிளீடரை ஆன் பண்ணுங்கள். இதற்கு மட்டும் 22 ஓம் போதாது. 2.7 ஓம் வைத்தால் 2200 மைக்ரோஃபாரடுக்கு டைம் கான்ஸ்டன்ட் 6 மில்லி விநாடி. 12.5லிருந்து 6க்கு வர நாலரை மில்லி விநாடி, தொடக்கத்தில் 4.6 ஆம்பியர் ஓடும். ஆனால் 6 வந்ததும் உடனே ஆஃப் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சப்ளையிலிருந்து 2.2 ஆம்பியர் இழுக்கும். ஸ்விட்ச், பிளீடர் இரண்டின் நேரத்தையும் மைக்ரோகன்ட்ரோலர் டைமரே பார்த்துக்கொள்ளட்டும். பைத்தான் ‘தொடங்கு’ என்று சொல்வதோடு சரி. விண்டோஸில் பழைய பைத்தானில் ஸ்லீப்பின் நுணுக்கம் 15 மில்லி விநாடி வரைதான், உங்கள் 5 மில்லி விநாடி இறக்கம் அதற்குள் முடிந்துவிடும்.

ஆசிலோஸ்கோப் ப்ரோபை சப்ளை டெர்மினலில் வைக்காதீர்கள். போர்டின் இன்புட் கெபாசிட்டர் காலிலேயே வையுங்கள், கிரவுண்டு கிளிப் அதே கெபாசிட்டரின் மைனஸ் காலில்.


பெஞ்ச்4_அம்பத்தூர்

2.7 ஓமுக்கு எத்தனை வாட் சார்?


ரிச்சி_ஓம்ஸ்

முதல் நொடியில் 58 வாட், ஆனால் 5 மில்லி விநாடிதான். 10 வாட் ஒயர்-வவுண்டு தாங்கும். சிப் ரெசிஸ்டரும் கார்பன் ஃபிலிமும் வேண்டாம், பல்ஸில் வெடிக்கும். 10 விநாடிக்கு ஒரு டிப் என்று இடைவெளி விடுங்கள். ஃபர்ம்வேரில் ஆன் நேரத்துக்கு 8 மில்லி விநாடி உச்சவரம்பு போட்டு, ரெசிஸ்டரோடு தொடராக 2 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் ஒன்றும் வையுங்கள். பல்ஸுக்கு அது போகாது, மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி 12.5 வோல்ட் முழுதாக வந்தால் போய்விடும்.